யார் உள்ளூர்? கல்லூரிக் கட்டணமும் காகிதமில்லாத பிள்ளைகளும்

(தலித் மாணவர் வாசிப்பு வட்டத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை கூடியவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



அமெரிக்காவில் குடியேற்றக் காகிதம் இல்லாத பிள்ளைகள் கல்லூரியில் என்ன கட்டணம் கட்டுகிறார்கள் என்பதைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர் சிரித்தார். "நம்ம ஹாஸ்டல்ல தண்ணி வரல, உதவித்தொகை வரல, நீ என்னய்யா டெக்சாஸ் பத்திப் பேசுற?" என்றார். நியாயமான கேள்விதான். இந்தப் பேச்சு முடியும்போது அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்திருக்க வேண்டும். கிடைக்கவில்லை என்றால் விவாதத்தில் என்னைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நான் வங்கியில் எழுத்தர். கவிதை எழுதுகிறவன் என்றாலும் பகலெல்லாம் சலான்தான் பார்க்கிறேன். கட்டணச் சலான் ஒரு வெற்றுத்தாள் இல்லை. அதில் இருக்கிற தொகையை வைத்தே இந்தப் பையன் யாருடைய பிள்ளை, அரசாங்கம் இவனை யாராக நினைக்கிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம். அதனால் முதலில் தொகையிலிருந்தே தொடங்குகிறேன்.

அமெரிக்காவில் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் மாநிலங்களுக்குச் சொந்தமானவை. அந்த மாநிலத்தில் வசிக்கிறவருக்கு ஒரு கட்டணம், வெளியிலிருந்து வருகிறவருக்கு வேறு கட்டணம். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்வோம். 2024-25 கல்வியாண்டில் இளங்கலை மாணவர் உள்ளூர்க்காரர் என்றால் ஆண்டுக்குச் சுமார் 14,000 டாலர். வெளியூர்க்காரர் என்றால் அதற்கு மேல் இன்னும் சுமார் 34,000 டாலர். மூன்று மடங்கைத் தாண்டிவிடுகிறது. அதே வகுப்பறை, அதே வாத்தியார், அதே பெஞ்சு. மாநில மக்களின் வரிப்பணத்தில் நடக்கிற கல்லூரி, அதனால் வரி கட்டுகிறவர் பிள்ளைக்குச் சலுகை என்று அதற்குக் காரணம் சொல்கிறார்கள். கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது.

இப்போது ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று வயதில் அம்மா தூக்கிக்கொண்டு எல்லை தாண்டினாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அதே ஊர்ப் பள்ளியில் படித்தாள். அப்பா கட்டட வேலை, அம்மா ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறாள். கடையில் வாங்குகிற ஒவ்வொரு பொருளுக்கும் விற்பனை வரி கட்டுகிறார்கள். வாடகைக்குள் வீட்டு வரி இருக்கிறது. சம்பளத்திலும் பிடித்தம் உண்டு. காகிதமில்லாத மக்கள் 2022 ஆம் ஆண்டில் மட்டும் 9,670 கோடி டாலர் வரி கட்டியதாக அங்குள்ள வரி மற்றும் பொருளாதாரக் கொள்கை நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அதில் ஓய்வூதிய நிதிக்குப் போகிற பணமும் அடக்கம். அந்த ஓய்வூதியம் இவர்கள் கைக்கு வராது. அந்தப் பெண் கல்லூரி வாசலுக்குப் போய் நின்றால், நீ உள்ளூர் இல்லை என்கிறார்கள். எந்த ஊர் என்று கேட்டால் அவளுக்குத் தெரிந்தது அந்த ஊர் ஒன்றுதான்.

ஊருக்குள்ளேயே இருந்தும் ஊராள் இல்லை என்கிற இந்த நிலைமையைப் புரிந்துகொள்ள நமக்கு அகராதி தேவையில்லை. ஊர் என்றால் சேரி சேராது என்று எத்தனை தலைமுறையாகக் கேட்டிருக்கிறோம்! 'ஊர்க்கூட்டம்', 'ஊர்ப்பொது', 'ஊர்க்கோயில்' என்ற சொற்களில் நாம் எங்கே இருந்தோம்? வேலைக்கு மட்டும் ஊருக்குள் வரலாம். பொழுது சாய்ந்தால் எல்லைக்கு வெளியே போய்விட வேண்டும். அங்கே இந்த எல்லைக்கோட்டைக் கட்டணச் சலானில் போட்டிருக்கிறார்கள்.

இதை அங்கே புதிதாகக் கண்டுபிடித்ததும் இல்லை. 1930களில் மிசௌரி மாநிலத்தில் லாய்ட் கெயின்ஸ் என்ற கறுப்பின இளைஞர் சட்டக் கல்லூரியில் சேர விண்ணப்பித்தார். மாநிலம் என்ன சொன்னது தெரியுமா? உன்னை இங்கே சேர்க்க முடியாது, பக்கத்து மாநிலத்துக்குப் போய்ப் படி, கட்டணத்தை நாங்கள் தருகிறோம் என்றது. சொந்த மாநிலத்துப் பிள்ளையைக் காசு கொடுத்து வெளியூர்க்காரன் ஆக்கியது. 1938 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இது செல்லாது, சமமான வாய்ப்பை மாநிலம் தன் எல்லைக்குள்ளேயே தர வேண்டும் என்றது. உள்ளூர், வெளியூர் என்பது வெறும் பூகோளம் இல்லை, இனமும் சாதியும் போட்டுக்கொள்கிற சட்டை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அடுத்து டெக்சாஸ். 1975 இல் அந்த மாநிலம் ஒரு சட்டம் போட்டது. சட்டப்படி நாட்டுக்குள் அனுமதிக்கப்படாத குழந்தைகளின் பள்ளிப் படிப்புக்கு அரசுப் பணம் கிடையாது. டைலர் என்ற ஊரின் பள்ளி நிர்வாகம் 1977 இல் அப்படிப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் ஆண்டுக்கு 1,000 டாலர் கட்டணம் என்றது. அந்தக் கூலிக் குடும்பங்களால் கட்ட முடியாத தொகை அது. மெக்சிகோவிலிருந்து வந்த சில குடும்பங்கள் வழக்குப் போட்டன. சொந்தப் பெயரைப் போட்டால் நாடு கடத்திவிடுவார்கள் என்பதால் 'டோ' என்ற பொய்ப்பெயரில் போட்டார்கள். அங்கே பெயர் சொல்லக்கூடாதவர்களுக்கு நீதிமன்றம் கொடுக்கிற பெயர் அது. யார் கண்ணிலும் படாமல் இருக்க நீதிபதி விடியற்காலை 6 மணிக்கு விசாரணையை வைத்தார். அந்தக் குடும்பங்கள் சட்டிபானை, துணிமணி எல்லாவற்றையும் காரில் ஏற்றிக்கொண்டுதான் நீதிமன்றத்துக்கு வந்தார்கள். அங்கிருந்தே பிடித்துக்கொண்டு போனாலும் போகலாம் என்று தெரிந்தே வந்தார்கள். பிள்ளை படிக்க வேண்டும் என்பதற்காக நாட்டையே பணயம் வைத்த அந்த அம்மாக்களையும் அப்பாக்களையும் நாம் மறக்கக் கூடாது.

பிளைலர் எதிர் டோ என்ற அந்த வழக்கில் 1982 ஜூன் 15 அன்று தீர்ப்பு வந்தது. 5 நீதிபதிகள் குழந்தைகள் பக்கம், 4 பேர் எதிர்ப்பக்கம். ஒரே ஒரு ஓட்டு. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி வில்லியம் பிரென்னன். பெற்றோர் செய்த செயலுக்காகக் குழந்தையைத் தண்டிக்க முடியாது என்றார். மலிவான உழைப்புக்காக இங்கே இருக்க விடுவது, ஆனால் சமூகத்தின் பயன்களை மறுப்பது என்று போனால், நிரந்தரமான ஒரு சாதி உருவாகிவிடும் என்று எச்சரித்தார். கவனியுங்கள் தோழர்களே, 'காஸ்ட்' என்ற சொல்லையே அங்கே பயன்படுத்தினார். நம் தெருவில் விளைந்த கொடுமையின் பெயரை எடுத்துத்தான் அவரால் அந்தக் கொடுமையைச் சொல்ல முடிந்தது. பிறப்பால் வருவது, வாழ்நாள் முழுக்க நீங்காதது, உழைப்பை எடுத்துக்கொண்டு உரிமையை மறுப்பது. இந்த மூன்றும் சேர்ந்தால் அதற்குப் பெயர் சாதி என்று ஓர் அமெரிக்க நீதிபதிக்குத் தெரிந்திருக்கிறது. இங்கே சிலருக்கு இன்னும் தெரியவில்லை.

ஆனால் அந்தத் தீர்ப்பு பள்ளிக்கு மட்டும்தான். பன்னிரண்டாம் வகுப்போடு அது முடிந்துபோகிறது. பதினெட்டு வயதில் அந்தப் பிள்ளை சுவரில் மோதுகிறது. மத்திய அரசின் உதவித்தொகை கிடையாது. மத்திய அரசின் கல்விக்கடன் கிடையாது. படித்துக்கொண்டே பார்க்கும் அரசு உதவி வேலையும் கிடையாது. இத்தனையும் இல்லாத பிள்ளையிடம்தான் வெளியூர்க் கட்டணத்தையும் கேட்கிறார்கள்.

1996 இல் கிளின்டன் ஆட்சியில் குடியேற்றச் சட்டம் திருத்தப்பட்டது. அதன் 505 ஆம் பிரிவு சொல்வதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சட்டப்படி நாட்டில் இல்லாத ஒருவருக்கு, 'இந்த மாநிலத்தில் வசிக்கிறார்' என்ற அடிப்படையில் ஒரு மாநிலம் உயர்கல்விச் சலுகை தரக் கூடாது. தந்தால் அதே சலுகையை நாட்டின் எந்தக் குடிமகனுக்கும், அவர் எங்கே வசித்தாலும், தர வேண்டும். கதவைச் சாத்திவிட்டதாகத்தான் நினைத்தார்கள்.

2001 இல் இரண்டு மாநிலங்கள் கதவைத் திறந்தன. முதலில் டெக்சாஸ். எச்பி 1403 என்ற அந்தச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டவர் ரிக் பெர்ரி, குடியரசுக் கட்சி ஆளுநர். அடுத்து கலிஃபோர்னியா, ஏபி 540 என்ற சட்டம். இரண்டும் ஒரே காரியத்தைச் செய்தன என்றாலும் எழுதப்பட்ட விதம் வேறு. இந்த வித்தியாசத்தைக் கவனமாகப் பார்க்க வேண்டும். சட்டத்தில் ஒரு சொல் எத்தனை ஆயிரம் பேர் தலையெழுத்தை மாற்றும் என்பது இதில் இருக்கிறது.

டெக்சாஸ் சொன்னது: இங்கே மூன்று ஆண்டு தொடர்ந்து வசித்து, இங்குள்ள பள்ளியில் மேல்நிலைப் படிப்பை முடித்தவர் இம்மாநில வசிப்பாளர். கலிஃபோர்னியா 'வசிப்பாளர்' என்ற சொல்லையே தொடவில்லை. இம்மாநில உயர்நிலைப் பள்ளியில் மூன்று ஆண்டு படித்து முடித்தவர் யாராக இருந்தாலும் வெளியூர்க் கட்டணத்திலிருந்து விலக்கு என்றது. காகிதமில்லாதவர் என்றால், தகுதி கிடைத்ததும் சட்டப்படியான குடியேற்றத்துக்கு விண்ணப்பிப்பேன் என்று ஓர் உறுதிமொழி எழுதித் தர வேண்டும். அவ்வளவுதான். இந்த விலக்கு காகிதமில்லாத பிள்ளைக்கு மட்டும் உரியது இல்லை. அங்கே பள்ளி படித்துவிட்டு வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்த குடிமகன் திரும்பி வந்தாலும் அவனுக்கும் உண்டு. 2010 இல் கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம் ஏகமனதாக இந்தச் சட்டத்தை ஏற்றது. இது வசிப்பிடத்தின் அடிப்படையில் தந்த சலுகை இல்லை, பள்ளிப்படிப்பின் அடிப்படையில் தந்தது என்றது.

சூழ்ச்சி என்று சிலர் சொல்லலாம். எனக்கு அதில் பெரிய நியாயம் தெரிகிறது. எங்கே பிறந்தாய், யாருக்குப் பிறந்தாய் என்ற கேள்வியைத் தள்ளிவிட்டு, எங்கே படித்தாய் என்று கேட்டார்கள். பிறப்பைக் கேட்பது மனுவின் கேள்வி. ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. வெற்றியிலும் அந்தப் பிள்ளைக்கு 'உள்ளூர்' என்ற பெயர் கிடைக்கவில்லை. நீ வெளியூர்தான், போனால் போகிறது, கட்டணத்தில் மட்டும் விலக்கு என்றுதான் சட்டம் சொல்கிறது. கோயிலுக்குள் விடுவார்கள், தேர்வடத்தைத் தொட விடமாட்டார்கள் என்பது மாதிரி.

2024 வாக்கில் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இப்படிப்பட்ட சட்டமோ விதியோ வந்துவிட்டது. சும்மா வரவில்லை. அரிசோனாவில் 2006 இல் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி இந்தச் சலுகையைத் தடை செய்தார்கள். பதினாறு ஆண்டு கழித்து 2022 இல் அதே மக்கள், அதே வாக்குப்பெட்டியில், சொற்ப வித்தியாசத்தில் அதைத் திருப்பிக் கொடுத்தார்கள். இடையில் நடந்தது மாணவர் போராட்டம்.

அந்தப் பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். 2010 ஜனவரி 1 அன்று நான்கு மாணவர்கள் மியாமியிலிருந்து வாஷிங்டனுக்கு நடக்கத் தொடங்கினார்கள். 1,500 மைல். அதே ஆண்டு மார்ச்சில் சிகாகோவில் பிள்ளைகள் பொது இடத்தில் நின்று சொந்தப் பெயரைச் சொல்லி, "எனக்குக் காகிதம் இல்லை, எனக்குப் பயமும் இல்லை" என்று அறிவித்தார்கள். 1977 இல் பொய்ப்பெயரில் நீதிமன்றம் போனவர்களின் அடுத்த தலைமுறை பெயரைச் சொல்லிக்கொண்டு தெருவில் நின்றது. இழிவென்று சொல்லப்பட்டதை எடுத்து நெற்றியில் எழுதிக்கொள்வது நமக்கும் தெரிந்த அரசியல்தான். 'தலித்' என்ற சொல்லை நாம் எப்படி எடுத்துக்கொண்டோம் என்று யோசித்துப் பாருங்கள்.

அவர்களுக்காகக் கொண்டுவந்த 'கனவுச் சட்டம்' 2010 டிசம்பரில் மேலவையில் தோற்றது. ஆதரவு 55, எதிர்ப்பு 41. பெரும்பான்மை இருந்தும் தோற்றது. அங்கே விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போகவே 60 பேர் வேண்டும். பிறகு 2012 ஜூன் 15 அன்று, பிளைலர் தீர்ப்பு வந்து சரியாக முப்பது ஆண்டு முடிந்த நாளில், ஒபாமா 'டாகா' என்ற தற்காலிகப் பாதுகாப்பை அறிவித்தார். பதினாறு வயதுக்கு முன்பு வந்திருக்க வேண்டும், 2007 ஜூனிலிருந்து தொடர்ந்து அங்கே இருந்திருக்க வேண்டும். நாடு கடத்தமாட்டோம், வேலை செய்யலாம், அவ்வளவுதான். குடியுரிமை கிடையாது. 2017 இல் டிரம்ப் ஆட்சி அதை ரத்து செய்ய முயன்றது. 2020 இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்த முறை தவறு என்றது. 2021 இல் டெக்சாஸ் நீதிமன்றம் புதியவர்களுக்கு அனுமதி தரக் கூடாது என்றது. 2007 ஐ இன்று எண்ணிப் பாருங்கள். இப்போது பள்ளி முடிக்கிற பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அந்தக் குடையும் கிடையாது.

ஜார்ஜியாவைப் பற்றி இரண்டு வார்த்தை. 2010 இல் அங்குள்ள பல்கலைக்கழக ஆட்சிக்குழு, காகிதமில்லாத மாணவர்களை முதல்தரப் பல்கலைக்கழகங்களில் சேர்க்கவே கூடாது என்று விதி போட்டது. கட்டணம் கட்டுகிறேன் என்றாலும் இடமில்லை. ஏதென்ஸ் நகரிலுள்ள ஜார்ஜியாப் பல்கலைக்கழகமும் அதில் ஒன்று. 1961 இல் முதல் இரண்டு கறுப்பின மாணவர்கள் நீதிமன்ற ஆணையோடு உள்ளே போன அதே பல்கலைக்கழகம். சரியாக ஐம்பது ஆண்டு கழித்து 2011 இல் அங்குள்ள பேராசிரியர்கள் சிலர் 'சுதந்திரப் பல்கலைக்கழகம்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். பட்டமும் கட்டணமும் இல்லாமல், விலக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார்கள். 1964 இல் மிசிசிப்பியில் கறுப்பினப் பிள்ளைகளுக்காக நடந்த சுதந்திரப் பள்ளிகளின் நினைவாக வைத்த பெயர் அது. நம் இரவுப் பள்ளிகளுக்கு அங்கேயும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்.

இப்போது 2025 க்கு வருகிறேன். ஜூன் 4 அன்று அமெரிக்க மத்திய அரசின் நீதித்துறை, டெக்சாஸ் மாநிலத்தின் மீது வழக்குப் போட்டது. 1996 சட்டத்துக்கு விரோதமாக 2001 சட்டம் இருக்கிறது என்பது புகார். டெக்சாஸ் என்ன செய்ய வேண்டும்? தன் சட்டத்துக்காக வாதாட வேண்டும். அது "ஆமாம், எங்கள் சட்டம் தப்புதான்" என்று ஒத்துக்கொண்டது. அன்றைக்கே, சில மணி நேரத்தில், நீதிபதி அந்தச் சட்டத்துக்கு நிரந்தரத் தடை போட்டார். வாதியும் பிரதிவாதியும் கை குலுக்கிக்கொண்டார்கள். இருபத்து நான்கு ஆண்டுச் சட்டம் ஒரே நாளில் போனது. பாதிக்கப்பட்ட ஒரு மாணவரின் குரல்கூட அங்கே கேட்கவில்லை. எங்களையும் வழக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று மாணவர்கள் மனுப் போட்டதெல்லாம் தீர்ப்புக்குப் பிறகுதான். பஞ்சாயத்தில் இரண்டு பக்கமும் ஆண்டைகளே உட்கார்ந்து, சேரிக்காரன் வருவதற்குள் தீர்ப்பு எழுதியதைப் பார்த்தவர்கள் நாம். நமக்கு விளக்க வேண்டியதில்லை.

பிறகு கென்டக்கி, மின்னசோட்டா, ஓக்லஹோமா, இல்லினாய், கலிஃபோர்னியா என்று வரிசையாக வழக்குகள். புளோரிடா 2014 இல் தந்த சலுகையை 2025 இல் தானே திரும்ப எடுத்துக்கொண்டது. டெக்சாசில் 'வசிப்பாளர்' என்று எழுதியதுதான் எதிரிக்குப் பிடி கொடுத்தது. சட்டத்தின் சொற்களைப் படிக்காமல் போராட முடியாது என்று சட்டம் படிக்கிற தம்பி தங்கைகளுக்கு இதற்காகத்தான் சொல்கிறேன்.

எதிர்த்தரப்பு வாதத்தையும் பார்த்துவிடுவோம். முதல் வாதம், சட்டத்தை மீறியவர்களுக்கு ஏன் சலுகை? மூன்று வயதுக் குழந்தை எந்தச் சட்டத்தை மீறியது? பெற்றோரின் 'குற்றம்' பிள்ளைக்கு இறங்குகிறது என்றால் அது வருணக் கணக்கு. இரண்டாவது வாதம், ஏழைக் குடிமக்களின் இடத்தை இவர்கள் பிடுங்குகிறார்கள். இது நமக்குப் பழகிய குரல். "எங்க சீட்டைக் கோட்டாக்காரன் பறிச்சுட்டான்" என்று ஒவ்வொரு ஜூன் மாதமும் கேட்கிறோமே, அதே குரல். உண்மையில் உள்ளூர்க் கட்டணம் என்பது இடஒதுக்கீடு இல்லை, இலவசமும் இல்லை. போட்டி போட்டு இடம் வாங்கி, பக்கத்து வீட்டுப் பிள்ளை கட்டுகிற அதே தொகையைத்தான் கட்டுகிறார்கள். மூன்றாவது வாதத்தை அங்குள்ள நம் நாட்டு ஆதிக்கச் சாதியினரிடம் நிறையக் கேட்கலாம்: நாங்கள் வரிசையில் நின்று, விசா வாங்கி, சட்டப்படி வந்தவர்கள். சரி. அந்த வரிசையில் நிற்பதற்கு ஐஐடி வேண்டும், ஆங்கிலம் வேண்டும், விற்பதற்கு நிலம் வேண்டும். வரிசையின் தொடக்கம் அக்கிரகாரத்திலும் பண்ணை வீட்டிலும் இருந்தது. இதில் ஒரு முரணும் இருக்கிறது. நிரந்தரக் குடியுரிமை அட்டையில் ஒரு நாட்டுக்கு 7 விழுக்காடுதான் என்ற உச்சவரம்பால் இந்தியர்களின் வரிசை பல பத்தாண்டு நீள்கிறது. பெற்றோரின் விசாவில் போன பிள்ளைக்கு 21 வயது ஆனதும் அந்த விசாவும் போய்விடுகிறது. காகிதம் உள்ளவர் பிள்ளையும் ஒருநாள் காகிதமில்லாத பிள்ளை ஆகலாம். 2025 பிப்ரவரி 5 அன்று அமிர்தசரசில் ராணுவ விமானத்திலிருந்து கையிலும் காலிலும் விலங்கோடு வந்த 104 பேரும் இந்தியர்கள்தான்.

இன்னொரு தகவல். 2022 ஜனவரியில் கலிஃபோர்னிய மாநிலப் பல்கலைக்கழகம் தன் பாகுபாட்டுத் தடை விதியில் சாதியையும் சேர்த்தது. அங்குள்ள தலித் மாணவர்களும் தோழர்களும் போராடியதால் வந்தது. காகிதமில்லாத பிள்ளைகள் உள்ளூர்க் கட்டணம் கட்டிப் படிக்கிற அதே வளாகங்கள்தான். இந்த இரண்டு போராட்டமும் ஒரே மரத்தடியில் உட்கார்ந்து பேச முடியும்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். உள்ளூர்க் கட்டணம் அமெரிக்காவின் சொத்து இல்லை. இந்தூர் மருத்துவக் கல்லூரியில் மத்திய பாரத மாநிலத்து மாணவருக்கு நன்கொடைக் கட்டணம் கிடையாது, வெளி மாநிலத்தவருக்கு 1,300 அல்லது 1,500 ரூபாய் என்று விதி இருந்தது. டெல்லி மாணவர் ஒருவர் வழக்குப் போட்டார். அரசியல் சட்டம் 15 ஆம் பிரிவு பிறந்த இடத்தை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. 1955 இல் உச்ச நீதிமன்றம் பிறந்த இடம் வேறு, வசிக்கும் இடம் வேறு என்று சொல்லி அந்தக் கட்டணத்தைச் சரி என்றது. ஐந்து நீதிபதிகளில் ஒருவர் மறுத்தார்.

அதைவிட நம்மைச் சுடுகிற தீர்ப்பு 1990 இல் வந்தது. மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கு. ஆந்திரத்தில் பழங்குடிப் பட்டியலில் உள்ள சமூகத்தில் பிறந்தவர். பொதுத்துறை வேலைக்கு அப்பா பம்பாய் போனார். ஒன்பது வயதிலிருந்து அங்கேயே வளர்ந்த மகன் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தால், உன் சமூகம் மகாராஷ்டிரப் பட்டியலில் இல்லை, ஒதுக்கீடு கிடையாது என்றார்கள். உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. பட்டியல் அந்தந்த மாநிலத்தோடு கட்டப்பட்டது, எல்லை தாண்டினால் செல்லாது என்றது. 2018 இலும் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சட்ட அமர்வு மாநில வேலைவாய்ப்பில் இதையே உறுதி செய்தது. எல்லை தாண்டினால் சாதி போவதில்லை தோழர்களே, சான்றிதழ் மட்டும்தான் போகிறது.

அந்தக் கண்ணால் திருவள்ளூர்ப் பக்கத்துச் செங்கல் சூளைகளைப் பாருங்கள். ஒடிசாவிலிருந்து முன்பணம் வாங்கிக்கொண்டு வந்த குடும்பங்கள். அவர்களில் தலித்துகளும் பழங்குடிகளும் நிறையப் பேர். பிள்ளை இங்கே தமிழ்வழியில் படித்து மேலே வந்தால் என்ன ஆகும்? எட்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டில் படித்திருந்தால் பொறியியல் கலந்தாய்வில் இடம் கேட்கலாம். பள்ளியை அளவுகோலாக வைக்கிற நல்ல விதி அது. ஆனால் வெளி மாநிலத்தவர் பிள்ளை என்பதால் பொதுப்பிரிவில்தான் வைப்பார்கள். சூளையில் தலித், கல்லூரி வாசலில் பொதுப்பிரிவு! அந்தப் பிள்ளையைப் பார்த்து நம்ம பசங்களே 'வடக்கன்' என்று கேலி செய்கிறார்கள். டெக்சாஸ்காரன் மெக்சிகோ பிள்ளையைச் சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இதை இந்தக் கூட்டத்தில் சொல்லாமல் வேறு எங்கே போய்ச் சொல்வது?

இலங்கைத் தமிழர் முகாம்களையும் பாருங்கள். 2021 கணக்கில் முகாம்களில் 58,000 பேருக்கு மேல். அவர்களில் கணிசமானவர்கள் மலையகத் தமிழர்கள். தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். அப்படிப் போனவர்களில் பெரும்பகுதி நம் சனம். 1948 இல் இலங்கை அவர்களின் குடியுரிமையைப் பறித்தது. 1964 இல் சிறிமாவும் சாஸ்திரியும் தலையை எண்ணிப் பங்கு பிரித்தார்கள். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் மூன்று நாடுகளின் பெயர் உண்டு, இலங்கை இல்லை. முகாமில் பிறந்து இங்கேயே படித்த பிள்ளைக்கு இன்றைக்கும் நாடு எது என்று தெரியாது. 2021 இல் தமிழக அரசு 317.40 கோடி ரூபாய் திட்டம் அறிவித்தபோது அதில் கல்விக் கட்டண உதவியும் இருந்தது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் உதவி வேறு, உரிமை வேறு. படித்து முடித்தவனுக்கு அரசு வேலைக்கு விண்ணப்பிக்க வழியில்லை என்றால் பட்டத்தை எங்கே கொண்டுபோய் வைப்பான்?

இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. நமக்குக் காகிதம் இருக்கிறது, ஊர் இல்லை. அவர்களுக்கு ஊர் இருக்கிறது, காகிதம் இல்லை. நமக்குச் சட்டம் பக்கத்தில், சமூகம் எதிரில். அவர்களுக்குப் பல இடங்களில் அண்டை வீட்டார் பக்கத்தில், சட்டம் எதிரில். இந்த வேறுபாட்டை அழித்துவிட்டு ஒற்றுமை பேசினால் அது மேடைப்பேச்சு ஆகிவிடும். ஆனால் உழைப்புக்கு வா, உரிமைக்கு வராதே என்கிற ஏற்பாடு இரண்டிலும் ஒன்றுதான். அந்த ஏற்பாட்டைக் காப்பாற்ற நம் பிள்ளைகளையே ஆளாக்குவார்கள். நேற்று வந்தவனை எதிர்க்க நேற்றுவரை வெளியே நிறுத்தப்பட்டவனை நிறுத்துவார்கள். அதற்கு ஆள் ஆகாமல் இருப்பது நம் அரசியல்.

செய்ய வேண்டியதை மூன்றாகச் சொல்லி முடிக்கிறேன். ஒன்று, உங்கள் மாவட்டத்தில் முகாம் எங்கே இருக்கிறது, அங்கே பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் எத்தனை பேர், எத்தனை பேர் கல்லூரிக்குப் போனார்கள் என்று கணக்கெடுங்கள். அடுத்த கூட்டத்துக்குக் கணக்கோடு வாருங்கள். இரண்டு, சூளையிலும் கட்டட வேலையிலும் இருக்கிற வெளி மாநிலக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு நம் இரவுப் பள்ளிகளைத் திறந்துவிடுங்கள். மூன்று, ஒரு கோரிக்கை. எந்த மாநிலத்தில் பட்டியல் சாதியாகப் பிறந்தாலும், இங்கே பள்ளிப்படிப்பை முடித்த பிள்ளைக்கு இங்கே கல்வியில் பட்டியல் சாதிக்கு உரியது கிடைக்க வேண்டும். நம் பங்கைக் குறைத்துத் தருவதற்கில்லை, பங்கையே பெரிதாக்கிக் கேட்க வேண்டும். அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்தவருக்கு 7.5 விழுக்காடு என்று 2020 இல் மருத்துவத்தில் சட்டம் கொண்டுவர முடிந்ததே? எங்கே படித்தாய் என்று கேட்கத் தெரிந்த மாநிலம்தான் இது. அந்தக் கேள்வியைக் கடைசிப் பிள்ளை வரைக்கும் கொண்டுபோகச் சொல்கிறோம்.

நமக்குள் சங்கடமான கேள்விகள் வரும். நம் ஒதுக்கீடே நிரம்பாமல் கிடக்கும்போது இதைப் பேசலாமா என்று கேட்பீர்கள். கேளுங்கள். அதற்காகத்தான் மீதி நேரத்தை விட்டிருக்கிறேன்.